பட்டுப்போகும் மரம்: காப்பதா, கழிப்பதா, சாய்ப்பதா?

கொல்லையில் நிற்கும் பெரிய மரம் நலியத் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆன பிறகுதான் நம் கண்ணுக்கு அது தெரியவே வரும். உச்சிக் குச்சிகள் நுனியிலிருந்து காய்ந்து இறங்கும். இலை சிறுத்து வெளிறி, பருவத்துக்கு முன்பே உதிரும். அண்ணாந்து பார்த்தால் போன வருடம் மறைந்திருந்த வானம் இப்போது தெரியும். அடிமரத்தில் கொத்துக்கொத்தாகத் துளிர் கிளம்பினால் "பிழைச்சுக்கிச்சு" என்று மகிழ்கிறோம். பல நேரங்களில், மேலே இழந்த இலைக்கு ஈடுகட்ட மரம் தன் சேமிப்பைக் கரைக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

கைவசம் மூன்று வழிகள். வேரைக் கவனித்துப் பொறுத்திருக்கலாம், காய்ந்ததைக் கழிக்கலாம், அடியோடு சாய்க்கலாம்.

செலவு குறைந்தது முதல் வழி. பொறுமையைக் கேட்பதும் அதுதான். நோய் மேலே தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும். உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், சுமார் 30 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே, கிளைப் பரப்பையும் தாண்டி ஓடுகிறது. குழாய் பதிக்க நாலு வருடத்துக்கு முன் வெட்டிய பள்ளம், வண்டி ஏறி இறுகிய தரை, மட்டம் உயர்த்தக் கொட்டிய மண் என எதுவும் இன்றைய வாட்டத்துக்குக் காரணமாகலாம். தூரில் குவிந்த மண்ணை, வேர் விரியும் இடம் தெரியும்வரை கையால் விலக்குங்கள். காய்ந்த இலையோ மரத்தூளோ 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள், அடிமரத்தை ஒட்டக்கூடாது. வறட்சியில் நீரை, கிளை முடியும் வட்டத்தை ஒட்டி மெதுவாக, ஆழமாக ஊற விட வேண்டும். உரமூட்டை வாங்க ஓடவேண்டாம். வேர் தளர்ந்த மரத்துக்குத் தழைச்சத்தைத் திணித்தால், தாங்க முடியாத அளவுக்கு இலை விடத் தூண்டிய கதையாகும்.

கழிப்பு வேறு விதம். நோயை அது தீர்க்காது. காய்ந்த கிளை தலையில் விழும் ஆபத்தைத்தான் தீர்க்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970களில் ஒன்றை விளக்கினார்: மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பிக்கொள்கிறது. கிளை சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்தை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்டினால் அந்தச் சுவருக்கு வழி கிடைக்கும். அடிமரத்தோடு ஒட்ட அறுத்தால் சுவரையே உடைத்தாயிற்று. தார் பூசுவதாலும் பயனில்லை. பச்சைக் கிளையில் முடிந்தவரை கை வைக்காதீர்கள், நலிந்த மரத்துக்கு ஒவ்வொரு இலையும் சோறு. "மொட்டையடிச்சா புதுசா தழைக்கும்" என்று யோசனை சொல்பவர் எங்கும் ஒருவர் இருப்பார். அதைக் கழிப்பில் சேர்க்கவே மாட்டேன். வெட்டிய முனைகள் அழுகும், புதுப் போத்துகள் பலவீனமாக ஒட்டி நின்று பிறகு பிய்ந்து விழும்.

சாய்ப்பதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் அதைக் கடைசியில் வைக்கிறேன். ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்கக்கூடாது. தூரில் தட்டுக் காளான், புதிதாகச் சாய்ந்து ஒரு பக்கம் மண் எழும்புதல், கவட்டையில் விரிசல் ஆகியவை இருந்து, கீழே ஆள் நடக்கும் பாதையோ கூரையோ இருந்தால் உடனே தேர்ந்த ஆளை அழையுங்கள். தலை பச்சையாக இருப்பதை நம்பி ஏமாறவேண்டாம். வேர் அழுகிய மரம் தழைத்தபடியே காற்றில் விழும். பொந்து மட்டும் இருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமில்லை. வெளி வளையம் போதிய கனத்தோடு திடமாக இருந்தால் அது நெடுங்காலம் நிற்கும். கீழே ஒன்றுமில்லாத மூலையில் பட்டுப்போன மரமென்றால், கிளைகளை இறக்கிவிட்டு அடிமரத்தை ஆந்தைக்கும் மரங்கொத்திக்கும் விடலாம்.

என் கணக்கு இதுதான். தூர் கெட்டிருந்து கீழே ஆள் புழக்கமும் இருந்தால் மூன்றாவது வழி. மற்ற எல்லா மரத்துக்கும் முதல் வழியோடு, விழக்கூடிய காய்ந்த கிளைக்கு மட்டும் இரண்டாவது. குச்சியின் தோலை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் இரண்டு வளர்பருவம் அவகாசம் கொடுக்கலாம். அதற்கிடையே ஒவ்வொரு வருடமும் அதே மாதம், அதே இடத்தில் நின்று உச்சியைப் படம் எடுத்து வையுங்கள். நினைவு சொல்லும் கணக்கு எப்போதும் மரத்துக்குச் சாதகமாகவே இருக்கும்.