மத்தேயுவின் வம்சவரலாறா, லூக்காவின் வம்சவரலாறா?

பைபிளில் இயேசுவின் வம்சவரலாறு மத்தேயு, லூக்கா என்ற இரண்டு சுவிசேஷங்களில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் எங்கள் பாட்டா குடும்ப ஜெபத்தில் மத்தேயு முதல் அதிகாரத்தை ஒரு பெயர் விடாமல் வாசிப்பார். "பெற்றான், பெற்றான்" என்று கேட்டே தூங்கிப்போவோம். இப்போது அதுதான் பிடிக்கிறது. ஆபிரகாமிலிருந்து 14, 14 தலைமுறையாக இறங்கி வருகிறது. நடுவே தாமார், ராகாப், ரூத், தாவீது ராஜா அபகரித்த உரியாவின் மனைவி என்ற பெண்கள். கல்யாணப் பேச்சில் நாம் மூடி மறைக்கும் கதைகள்! பாபிலோன் சிறையிருப்பிலும் தாவீதின் வம்சத்துக்குக் கடவுள் கொடுத்த வாக்குத்தத்தம் அறுபடவில்லை. சிறைபிடிக்கப்பட்ட ராஜா எகொனியாவுக்குப் பிள்ளை பிறக்கிறது.

லூக்கா இயேசுவிலிருந்து மேலே ஏறுகிறார். சாலொமோன் வழியல்ல, தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழி; ஆபிரகாமோடு நிற்காமல் ஆதாம்வரை. அப்படியென்றால் 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்த மயிலாடிக்கும் அதில் இடமுண்டு. சரி, ஆனாலும் என் ஓட்டு மத்தேயுவுக்கே. உரியாவின் மனைவி வரும் வரியை மட்டும் பாட்டா கொஞ்சம் வேகமாக வாசிப்பார்.