ராயப்பேட்டை அச்சகத்தின் நினைவு மலர் சேவை: ஒரு மதிப்புரை

மீனம்பாக்கத்தில் பயணிகளைக் கவனிக்கும் டிராஃபிக் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, இந்தியன் ஏர்லைன்ஸில் வணிகப் பிரிவு மேலாளராக ஓய்வுபெற்று, மறைந்தவர் ஒருவர். பிள்ளைகள் அவருக்காகக் கொண்டுவந்த நினைவு மலரை ராயப்பேட்டை அச்சகம் ஒன்று தயாரித்திருக்கிறது. ஸ்கேன் செய்வது, உறவினர்களிடம் கேட்டு எழுதுவது, வடிவமைப்பு, அச்சு, பைண்டிங் எல்லாமே அவர்கள் பொறுப்பு. 48 பக்கம், 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பர், 300 பிரதிகள். பதினாறாம் நாள் காரியத்தன்று கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த வேகம்தான் இந்த மலரின் பலம், பெரும்பாலான பிழைகளுக்கும் அதுவே காரணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பக்கம் 14, 15இல் அவருடைய பழைய டூட்டி ரோஸ்டர் (பணி நேர அட்டவணை) ஒன்றை முழு அளவில் போட்டிருக்கிறார்கள். நைட் ஷிஃப்ட் கட்டங்களுக்கு மேலே, அவர் கையெழுத்தில், மகளின் கணக்குப் பரீட்சை, மாமியாரின் கண் ஆபரேஷன், பள்ளி ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்று பென்சில் குறிப்புகள். குடும்பத்தைத் தாங்கிய மனிதர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஒரு பக்கக் கட்டுரை எழுதி நிரப்பாமல் அந்தத் தாளையே பேசவிட்டது அச்சகத்தின் நல்ல முடிவு.

அடுத்தது சப்லோ டிக்கெட் பற்றி மகன் சொன்ன பகுதி. ஊழியர் குடும்பத்துக்குக் கிடைக்கும் அந்த டிக்கெட்டில் சீட் உறுதி கிடையாது. பணம் கொடுத்த பயணிகள் எல்லோரும் ஏறி, இடம் மிச்சமிருந்தால்தான் போகலாம். கவுன்டர் முழுக்கத் தெரிந்தவர்கள் இருந்தும், மனைவி மக்களைக் கடைசிவரை பெஞ்சில் உட்காரவைத்தவர் இவர். இந்தப் பகுதியைப் பேச்சு நடை கெடாமல் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் உடன் வேலைபார்த்தவர்களின் 11 அஞ்சலிக் குறிப்புகளில் ஒன்பதில் ‘எளிமையானவர், பண்பாளர்’ என்பதைத் தாண்டி எதுவும் இல்லை. குறிப்பு கேட்கும்போதே ‘அவரோடு வேலைபார்த்த ஒரு நாளைப் பற்றி எட்டு வரி’ என்று கேட்டிருக்க வேண்டும். ஃபிளைட் ரத்தான இரவு, மூடுபனியால் டெல்லி விமானம் வராத காலை என்று சம்பவங்கள் தானாக வந்து விழும்.

படங்களில் இவர்கள் தேர்ந்தவர்கள். போஸ்ட்கார்டு அளவுப் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் சைஸை 1200இல், 35 மிமீ ஸ்லைடுகளை 3200இல் எடுத்திருக்கிறார்கள். ஸ்லைடு முழுப்பக்கம் வந்தும் படம் புள்ளி புள்ளியாக உடையவில்லை. பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல், பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் மெதுவாக ஓட்டிப் பிரித்திருக்கிறார்கள். மங்கலாக இருப்பவை வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் மட்டும். சாதாரணமாக அனுப்பினால் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அச்சில் ஐந்து அங்குலத்துக்கு மேல் தாங்காது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

பொறுக்க முடியாத தவறு, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மென்பொருளால் வண்ணம் ஏற்றியது. பின்னால் நிற்கும் விமானத்தின் வால் நீலமாகியிருக்கிறது. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்து ஆரஞ்சு வாலை அந்தத் துறையில் இருந்த எவரும் மறக்கமாட்டார். முகத்தைத் துலக்கியதில் மீசையின் வடிவமே மாறியிருக்கிறது. பேரன் பேத்திகள் அதைத்தான் தாத்தாவின் முகம் என்று நினைவில் வைப்பார்கள். கீறல், கறை நீக்கினால் போதும். வண்ணமும் முகத்திருத்தமும் வேண்டாம் என்று ஆர்டர் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

வீட்டிலிருக்கும் பழைய போர்டிங் பாஸை லேமினேட் செய்து வைக்க நினைக்காதீர்கள். பல போர்டிங் பாஸ்கள் வெப்பத்தில் அச்சாகும் தாள்கள். சூடான ரோலரில் போனால் கறுத்துவிடும். முதலில் ஸ்கேன், பிறகு இருட்டான உறை. கார்பன் பூசிய காகித டிக்கெட்டுகளுக்கும் அதே கவனம் வேண்டும். 2008 ஜூன் முதல் விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா காகித டிக்கெட்டை நிறுத்திவிட்டதால் இனி அவை கிடைக்காது.

பணி வரலாற்றில் மூன்று இடங்களில் ‘ஏர் இந்தியா’ என்று இருக்கிறது. 1953இல் விமான நிறுவனங்கள் அரசுடைமையானபோது உள்நாட்டுச் சேவை இந்தியன் ஏர்லைன்ஸுக்கும், வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியாவுக்கும் போனது. இரண்டும் இணைந்தது 2007இல். அதற்கு முன்பே ஓய்வுபெற்றவரை ஏர் இந்தியா அதிகாரி என்பது தவறு. ‘ஸ்டேஷன் மேனேஜர்’ என்பதை ‘விமான நிலைய மேலாளர்’ ஆக்கியதும் அப்படியே. ஸ்டேஷன் மேனேஜர் அந்த ஊரில் தன் நிறுவனத்தின் வேலைக்குப் பொறுப்பானவர், விமான நிலையத்தை நிர்வகிப்பவர் அல்ல. நியமன ஆணை, பதவி உயர்வு ஆணை, ஓய்வு ஆணை மூன்றின் நகலையும் கொடுத்தால் இந்தக் குழப்பமே வராது.

எழுத்துப் பிழைகளில் பாதி ஃபான்ட் மாற்றத்தால் வந்தவை. யூனிகோடில் தட்டிக் கொடுத்ததை டிடிபியில் பழைய ஃபான்டுக்கு மாற்றியபோது ‘ஸ்ரீ’ காணாமல் போயிருக்கிறது, ‘கௌ’ எல்லாம் ‘கெள’ ஆகியிருக்கிறது. புரூஃபை, அதாவது சரிபார்ப்பதற்கான படியை, திரையில் பார்க்காமல் தாளில் வாங்கி, வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். திருத்தம் போட்டபின் வரும் இரண்டாவது புரூஃபையும் கேளுங்கள். இந்த மலருக்கு அது தரப்படவில்லை.

உறவினர் பெயர்ப் பட்டியலுக்குத் தனிப் புரூஃப் வேண்டும். ஒரு மருமகளின் பெயர் விட்டுப்போய், பிறகு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். தந்தை வழியில் ஒருவர், தாய் வழியில் ஒருவர் என இருவர் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுத் தகடான பிளேட்டுக்கு அனுப்ப வேண்டும். மறைவு நள்ளிரவுக்குப் பின் விடிவதற்குள் என்றால் ஆங்கிலத் தேதி மாறியிருக்கும், தமிழ்த் தேதி சூரிய உதயத்தில்தான் மாறும். இரண்டையும் காலண்டரில் ஒரே கட்டத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். திதியையும் தமிழ்த் தேதியையும் காரியம் செய்துவைப்பவரிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

பைண்டிங் சென்டர் பின், அதாவது தாள்களை மடித்து நடுவில் பின் அடிப்பது. இந்தத் தடிமனில் 48 பக்கம் அதற்கு அதிகம். நடுத்தாள்கள் வெளியே தள்ளி, கட்டிங்கில் ஓரம் கூடுதலாக வெட்டுப்பட்டு, பக்கம் 24இல் படக்குறிப்பின் கடைசி எழுத்துகள் போய்விட்டன. பக்கத்தை 32க்குள் வையுங்கள், இல்லையென்றால் தாள்களைச் சிறு கட்டுகளாக மடித்து நூலால் தைக்கும் செக்ஷன் தையல் கேளுங்கள். வெறும் பசை பைண்டிங் வேண்டாம். ஆர்ட் பேப்பரின் வழுவழுப்பில் சாதாரணப் பசை பிடிக்காது, நாலு தடவை விரித்தால் தாள் கையோடு வரும்.

இதே அச்சகத்திடம் கொடுக்கலாம், ஆனால் பதினாறாம் நாளுக்கு நான்கு பக்க மடிப்புத் தாள் மட்டும் கேளுங்கள்: ஒரு நல்ல படம், பிறப்பு, மறைவு, பணி விவரம். முழு மலரைத் தலைத் திதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கிடைத்தால் ரோஸ்டர் போல இன்னும் எத்தனையோ தாள்கள் பீரோவிலிருந்து கிடைக்கும். மீதிப் பணம் கட்டும் முன் ஸ்கேன் செய்த டிஃப் (TIFF) படக் கோப்புகள், அச்சுக்குப் போன பிடிஎஃப், திருத்தக்கூடிய வடிவமைப்புக் கோப்பு மூன்றையும் பென் டிரைவில் வாங்கி, வீட்டுக் கணினியில் திறந்து பாருங்கள்.