காட்டுக்குள் ஆர்.வி. முகாம்: பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்கு, படுக்கையும் சமையலறையும் கழிவறையும் கொண்ட வீடுபோன்ற ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு செல்லத் திட்டமிடும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். டென்னசி மாநிலத்தின் கிழக்கு மலையடிவாரத்தில், இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கான, மரங்கள் அடர்ந்த தனியார் முகாம் ஒன்றில் கோடை விடுமுறையின்போது நாங்கள் தங்கினோம். பணம் வாங்கும்போது சொன்ன இடத்தைத் தராமல் அதைவிடத் தாழ்ந்த இடத்தைத் தந்ததோடு, அந்த இடத்தால் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்தையும் எங்கள் தலையிலேயே கட்டினார்கள். முகாம் தன் விதிமுறையைக் காட்டியது. வண்டியை வாடகைக்குத் தந்த நிறுவனம் தன் ஒப்பந்தத்தைக் காட்டியது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட நாங்கள் இரண்டு பக்கமும் பணம் இழந்தோம். புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் யாருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. இதே விதிமுறைகளை வைத்திருக்கும் முகாம்கள் வேறும் இருப்பதால், பெயரைவிட ஏமாற்று எந்த வழியாக வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

தேசியப் பூங்காவுக்குள்ளேயே அருமையான முகாம்கள் இருக்கும்போது தனியாரிடம் ஏன் போனீர்கள் என்று சிலர் கேட்டார்கள். கேட்ஸ் கோவ், எல்க்மான்ட், ஸ்மோக்மான்ட் ஆகிய பூங்கா முகாம்களில் வண்டி நிற்கும் இடத்தில் பொதுவாக மின் இணைப்பும் கிடையாது, தண்ணீர் இணைப்பும் கிடையாது, கழிவுநீர் இணைப்பும் கிடையாது. இரவு அமைதி நேரத்தில் ஜெனரேட்டரையும் ஓட்டக் கூடாது. மதுரையிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த அப்பா, உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொந்தரவு இருப்பதால், இரவு முழுவதும் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சி-பாப் கருவியை மாட்டிக்கொண்டு தூங்குபவர். அவருக்கு விடிய விடிய மின்சாரம் வேண்டும். அதற்காகத்தான் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் வண்டி நிற்கும் இடத்திலேயே கிடைக்கும் ‘ஃபுல் ஹூக்கப்’ வசதி கொண்ட முகாமைத் தேடினோம்.

முகாமின் விளம்பரத்தில் ஓடையை ஒட்டி, மர நிழலில், சமதளமான சரளைத் தரையில் ஒரு வண்டி நிற்கும் படம் இருந்தது. 50 ஆம்பியர் இணைப்பு என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வண்டி முப்பதடிக்கு மேல் நீளமும் இரண்டு ஏசியும் கொண்டது என்பதால் அது கட்டாயத் தேவை. 50 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் மின் கம்பிகள் இரண்டு வருகின்றன. ஆகவே 12,000 வாட் வரை எடுக்கலாம். 30 ஆம்பியர் இணைப்பில் வருவது ஒரே கம்பி. அதில் கிடைப்பது 3,600 வாட். எண்ணைப் பார்த்தால் சிறிய வித்தியாசம் போலத் தோன்றும், ஆனால் கிடைக்கும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடுகிறது.

முன்பதிவு செய்யும்போது இன்னொன்றும் கேட்டார்கள். பெரும்பாலான தனியார் முகாம்களில் நாம் வாங்குவது ஒரு குறிப்பிட்ட இடத்தை அல்ல, ஒரு வகையை மட்டுமே. அந்த வகைக்குள் எந்த இடத்தை வேண்டுமானாலும் அவர்கள் ஒதுக்கலாம். விரும்பிய எண்ணுள்ள இடமே வேண்டுமென்றால், அதை மாற்றாமல் வைத்திருப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஓடையோர இடத்தின் எண்ணைக் குறிப்பிட்டு அந்தக் கட்டணத்தையும் கட்டினோம். உறுதிச் சீட்டில் அந்த எண்ணும் 50 ஆம்பியர் என்பதும் அச்சாகியிருந்தன.

பிற்பகலில் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் இடத்தில் மின் பழுது இருக்கிறது என்று சொல்லி, மேட்டுப் பகுதியில் வேறோர் இடத்தைக் கொடுத்தார்கள். சீட்டைக் காட்டினோம். முகாம் நிரம்பிவிட்டது, இதை ஏற்றுக்கொள்ளலாம் அல்லது ரத்து செய்யலாம், ரத்து செய்தால் கட்டிய பணம் திரும்ப வராது என்பது மட்டுமே பதில். விடுமுறைக் கூட்டத்தில், வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வேறு முகாம் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். மறுநாள் காலை நடந்துபோய்ப் பார்த்தபோது, பழுது என்று சொன்ன அதே ஓடையோர இடத்தில் பெரிய பேருந்து அளவு வண்டி ஒன்று நின்றிருந்தது; அதன் இரண்டு ஏசிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அதைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்களுக்குக் கொடுத்த இடத்தை வார்த்தையில் விவரிப்பது கடினம், ஆனாலும் முயல்கிறேன். குறுகலான மண் பாதை, ஒருபுறம் சரிவு, மறுபுறம் பெரிய ஓக் மரம். அதன் தடித்த கிளை ஒன்று பாதைக்குக் குறுக்கே நீண்டிருந்தது. அதன் அடிப்புறத்தில் பட்டை உரிந்து, வெள்ளை பெயின்ட் தீற்றல்கள் தெரிந்தன. முன்பு வந்த வண்டிகளின் கூரை அதில் உரசியிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எங்கள் வண்டியின் உயரம் ஏறத்தாழ 12 அடி. கோல்ஃப் வண்டியில் வந்த முகாம் ஊழியரிடம் கிளையைச் சுட்டிக்காட்டி, இது இடிக்கும் என்று சொன்னேன். இதைவிட உயரமான வண்டிகள் எல்லாம் போயிருக்கின்றன, என் கையைப் பார்த்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்று கையசைத்து வரச் சொன்னார். அவர் வரச் சொன்ன வழியில் வந்தபோதுதான் மேலே பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து துணி கிழிவதுபோன்ற சத்தமும் கேட்டன. பின்பக்க ஏசியின் மூடி உடைந்தது. அதற்குப் பக்கத்தில் கூரையின் ரப்பர் விரிப்பு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. வெளியே நின்றிருந்த மகன் ஊழியர் கையசைப்பதையும் சேர்த்துத் தன் செல்பேசியில் பதிவு செய்திருந்தான்.

ஆர்.வி. கூரையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது காரின் கூரைபோல இரும்புத் தகடு அல்ல. பெரும்பாலான வண்டிகளில் மெல்லிய பலகையின் மேல் ஒட்டிய ரப்பர் விரிப்பே கூரை. அது கிழிந்தால் மழைநீர் உள்ளே இறங்கிப் பலகை உளுத்துவிடும். சிறு கிழிசலுக்கும் பழுதுபார்க்கும் செலவு பெரிதாக வருவது அதனால்தான். ஸ்மோக்கி மலைகளில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை வழக்கமானது. அன்றும் வானம் கறுத்துக்கொண்டு வந்ததால், அவசரமாகக் கூரை ஒட்டுநாடா வாங்கிவந்து ஏணியில் ஏறி ஒட்டினேன்.

மேலாளர் வந்து பார்த்தார், வருத்தம் தெரிவிக்கவில்லை. மரம், விலங்கு, வானிலை ஆகியவற்றால் நேரும் எதற்கும் முகாம் பொறுப்பல்ல என்ற அறிவிப்பைக் காட்டினார். உங்கள் ஊழியரே வழிகாட்டினாரே என்று கேட்டதற்கு, ஓட்டியவர் நீங்கள்தான் என்றார். சம்பவ அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்டோம், மறுத்துவிட்டார். காட்டுக்குள் தங்குவதற்கென்று கூடுதல் வாடகை வாங்குகிறவர்கள், அந்தக் காட்டு மரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை மட்டும் விருந்தினர் மேல் தள்ளுவது எந்த வகையில் நியாயம்? எங்கள் இடத்துக்குப் பின்னால் பட்டுப்போன ஹெம்லாக் என்ற ஊசியிலை மரம் ஒன்று நெடுநெடுவென்று நின்றிருந்தது. ஹெம்லாக் மரங்களின் சாற்றை உறிஞ்சிக் கொல்லும் பூச்சி 2002இல் ஸ்மோக்கி பூங்காவில் கண்டறியப்பட்டதிலிருந்து அந்த வட்டாரத்தில் பட்ட ஹெம்லாக்குகள் ஏராளம். வண்டிகள் நிற்கும் இடத்துக்கு மேல் அப்படியொரு மரத்தை வெட்டாமல் விட்டிருப்பது உயிரோடு விளையாடுவது. காற்று வீசிய இரவில் பிள்ளைகளைப் பின்பக்கக் கட்டிலில் படுக்கவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்தது மின்சாரம். அந்த மேட்டு இடத்தின் மின்பெட்டியில் இருந்தது 30 ஆம்பியர் இணைப்பு மட்டுமே. பிளக் செருகும் துளைகளில் ஒன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் கருகி உருகியிருந்தது. செருகிய பிளக் லொடலொடவென்று ஆடியது. பிற்பகலில் 119 வோல்ட் காட்டிய மின்னழுத்தம், எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடத் தொடங்கிய மாலை நேரத்தில் படிப்படியாக இறங்கி 103க்கு வந்தது. அமெரிக்க மின்சாரத்தில் 114 முதல் 126 வோல்ட் வரை இயல்பான அளவு. மின்னழுத்தம் குறையும்போது ஏசி கம்ப்ரஸரின் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறிக் கெட்டுப்போகும் என்பதால், வண்டியிலுள்ள பாதுகாப்புக் கருவி 104க்குக் கீழே போனதும் மொத்த இணைப்பையும் துண்டித்துவிட்டது. அதோடு அப்பாவின் சி-பாப் கருவியும் நின்றது.

வண்டியின் பேட்டரி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போதுமே தவிர, சுவர் பிளக்குகளுக்கு அதிலிருந்து மின்சாரம் வராது. ஜெனரேட்டரை ஓட்டினோம், முகாமுக்குள் ஜெனரேட்டர் எந்த நேரத்திலும் கூடாது என்று காவலர் வந்து நிறுத்தச் சொன்னார். நிலைமையைச் சொல்லியும் பயனில்லை. நள்ளிரவு கடந்து மற்ற வண்டிகளின் பயன்பாடு குறைந்து மின்னழுத்தம் ஏறும்வரை, அப்பா சாப்பாட்டு மேசையருகே தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். என் மனைவி அவர் மூச்சைக் கவனித்தபடி பக்கத்திலேயே விழித்திருந்தார். நாங்கள் காசு கொடுத்தது அந்த ஒரு தேவைக்காகத்தான். அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

கழிவுநீர் இணைப்பும் பெயரளவில்தான் இருந்தது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் குழாய் வாயை வைத்திருந்தார்கள். வண்டியின் கழிவுக் குழாய் அதைவிடத் தாழ்வில் இருந்ததால் எதுவும் வடியவில்லை. வெளியேறும் வழியிலுள்ள பொதுக் கழிவு நிலையத்தில் தனிக் கட்டணம் கட்டித்தான் தொட்டிகளைக் காலி செய்தோம்.

வண்டியைத் திருப்பி ஒப்படைத்தபோது வாடகை நிறுவனம் 1,500 டாலர் டெபாசிட் முழுவதையும் பிடித்துக்கொண்டது. நாள்தோறும் கூடுதலாகக் கட்டிய சேதப் பாதுகாப்புத் திட்டம் கூரைக்குப் பொருந்தாது என்றார்கள். இதைத் தயவுசெய்து கவனியுங்கள்: மரக்கிளை, தாழ்வான பாலம், பெட்ரோல் பங்க் கூரை போன்றவற்றில் இடித்து வண்டியின் மேற்பகுதிக்கு ஏற்படும் சேதத்தை விலக்கிவைக்கும் பிரிவு ஆர்.வி. வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் இருக்கிறது. காட்டு முகாமில் எந்த ஆபத்து மிக அதிகமோ, அதற்குத்தான் பாதுகாப்பு இல்லை.

பணத்தைத் திரும்பப் பெற நாங்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். கடன் அட்டை வழியாகக் கட்டியிருந்ததால் வங்கியிடம் எழுத்து மூலம் முறையிட்டோம். 1974ஆம் ஆண்டின் நியாயமான கடன் கணக்குச் சட்டத்தின்படி, அந்தத் தொகை முதலில் இடம்பெற்ற மாதக் கணக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். உறுதிச் சீட்டு, ஓடையோர இடத்தில் வேறு வண்டி நின்ற படம், 30 ஆம்பியர் மின்பெட்டியின் படம் ஆகிய மூன்றையும் இணைத்தோம். இடத்தை உறுதிசெய்யக் கட்டிய கட்டணமும் இரண்டு வகை இடங்களுக்கான வாடகை வித்தியாசமும் திரும்பக் கிடைத்தன. கூரைக்கான தொகை கிடைக்கவில்லை; அதற்காக மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்து, மகன் எடுத்த காணொளியையும் சேர்த்திருக்கிறோம்.

இலையுதிர்கால நிறம் பார்க்க அக்டோபரில் அந்தப் பக்கம் கூட்டம் அலைமோதும், வாடகையும் ஏறும். அப்போது போக நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே முகாமுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இடத்தின் எண், அங்குள்ள மின்பெட்டி எத்தனை ஆம்பியர், நுழையும் பாதையில் மிகத் தாழ்ந்த கிளை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, சொன்ன இடம் தராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வருமா என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் எழுதத் தயங்கும் முகாமை விட்டுவிடுங்கள். வாடகை நிறுவனத்திடம் வண்டியை எடுக்கும்போதே ஏணி கேட்டு ஏறிக் கூரையைப் படமெடுங்கள்; கூரைச் சேதம் திட்டத்துக்குள் வருமா என்பதை ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மின்பெட்டியில் பிளக்கைச் செருகும் முன் மின்னழுத்தத்தை மல்டிமீட்டர் என்ற அளவிடும் கருவியால் அளந்து பாருங்கள்; மாலையில் மறுபடியும் அளந்து பாருங்கள். சி-பாப் போன்ற கருவி பயன்படுத்தும் பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள், முகாம் என்ன உறுதி கொடுத்தாலும், அந்தக் கருவியை ஓரிரவு முழுவதும் ஓட்டக்கூடிய தனி பேட்டரி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.