திருகோணமலையில் ஒரு விசா ஆலோசனை நிலையம்: பகுதிநேரச் சம்பளக் கணக்கில் கண்ட பிழை

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இயங்கும் விசா ஆலோசனை நிலையத்தின் சேவையை, 2025 ஒக்டோபர் முதல் மூன்று மாத காலம் என் தங்கையின் பிரித்தானிய வேலை விசாவுக்காகப் பயன்படுத்தினேன். நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. இங்கு சொல்லப்போகும் அதே பிழையான பதிலை நகரிலுள்ள வேறு இரண்டு நிலையங்களும் தொலைபேசியில் எனக்குத் தந்தன. அப்படியிருக்க ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் காட்டுவது நியாயமாகாது.

தங்கை மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி பெற்றவர். கணவர் கலாநிதிப் பட்டப் படிப்புக்காக இங்கிலாந்து சென்றபோது, அவருடைய துணைவியாக மகளையும் அழைத்துக்கொண்டு போனார். அங்கு பரீட்சைகளில் சித்தியடைந்து தாதியாகப் பதிவு பெற்றதும், அரச சுகாதார சேவையின் மருத்துவமனை ஒன்று அவருக்கு வேலை தர முன்வந்தது. கணவரின் படிப்பு முடிவதற்குள் சுகாதார மற்றும் பராமரிப்புப் பணியாளர் விசாவுக்கு மாறிவிட்டால், அதன்பின் குடும்பம் முழுவதும் தங்கையின் விசாவில் தங்கிக்கொள்ளலாம். மகள் இன்னும் சிறு பிள்ளை என்பதால் வாரத்துக்கு 30 மணித்தியாலங்கள் மட்டும் வேலை செய்ய அவர் விரும்பினார். மருத்துவமனையும் அதற்குச் சம்மதித்தது. மைத்துனரின் மாணவர் விசாவை முன்னர் செய்து கொடுத்தது இந்த நிலையம்தான் என்ற நம்பிக்கையில், ஊரிலிருக்கும் நான் ஆவணங்களுடன் அந்தப் படிகளில் ஏறினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆவண வேலையில் இவர்கள் மிகவும் திறமையானவர்கள். தங்கையின் விவாகச் சான்றிதழும் மகளின் பிறப்புச் சான்றிதழும் தமிழில் இருந்தன. இரண்டையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆங்கிலத்தில் பெற்றுத் தந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயரில் ஓர் எழுத்து கடவுச்சீட்டிலிருந்து வேறுபட்டிருந்ததை நாங்கள் எவரும் கவனித்திருக்கவில்லை. அங்கிருந்த பெண்பிள்ளை அடிமட்டத்தை வரிக்கு வரி நகர்த்தி ஒப்பிட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு தந்தார்கள். சொன்ன நாளில் வேலையை முடித்தார்கள்.

பிழை சம்பளத்தைப் பற்றிய ஆலோசனையில் வந்தது. அதற்கெனத் தனியாக 15,000 ரூபா கட்டியிருந்தேன். மருத்துவமனையின் வேலைக் கடிதத்தில் முதல் பந்தியிலேயே ஆண்டுச் சம்பளம் 31,049 பவுண் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, சாதாரண எழுத்தில், அது வாரத்துக்கு 37.5 மணித்தியாலங்கள் கொண்ட முழுநேர வேலைக்கான தொகை என்றும், தங்கைக்கு 30 மணித்தியாலங்களுக்குரிய விகிதப்படி வழங்கப்படும் என்றும் எழுதியிருந்தது. ஆலோசகர் மேலேயுள்ள தொகையை மட்டும் பேனையால் வட்டமிட்டார். “ரீச்சர், தேவையானது 25,000, இங்கே 31,049 இருக்கு. பிறகென்ன யோசனை? போன வருஷக் கடைசியிலும் இதே 30 மணித்தியாலத்துக்கு ஒரு தாதிக்குச் செய்து குடுத்தனாங்கள்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

நான் கணிதம் கற்பிப்பவள். வீட்டுக்கு வந்து கடிதத்தை மறுபடி வாசித்தபோது, கீழேயிருந்த அந்த இரண்டாவது வரி மனத்தை விட்டு அகலவில்லை. பிரித்தானிய அரசாங்கத்தின் இணையத்தளத்தில் அன்றிரவே விதிகளைத் தேடி வாசித்தேன். அங்கு சம்பளத்தைப் பற்றி ஒன்றல்ல, இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே நிறைவு செய்ய வேண்டும். முதலாவது, அந்தத் தொழிலுக்கென வகுக்கப்பட்ட சம்பள அளவு. அரச சுகாதார சேவையில் உள்ளவர்களுக்கு இது தேசிய ஊதிய அட்டவணையைப் பின்பற்றுகிறது. பகுதிநேரம் வேலை செய்பவருக்கு மணித்தியாலங்களின் விகிதப்படி இது குறையும். இரண்டாவது, விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுத் தொகை. தங்கையின் விசாவில் இது 25,000 பவுண். வேலை நேரம் எவ்வளவு குறைந்தாலும் இந்தத் தொகை ஒரு பவுண்கூடக் குறையாது. ஒருவருக்கு ஓர் ஆண்டில் உண்மையாகக் கொடுக்கப்படும் சம்பளமே இதனுடன் ஒப்பிடப்படும். முழுநேரம் வேலை செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பது கணக்கில் இல்லை.

கணக்கை மகனின் பயிற்சிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் போட்டேன். 31,049-ஐ 37.5-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 24,839 வருகிறது. 25,000-க்கு 161 பவுண் குறைவு. பிழை விட்டிருக்கிறேனோ என்று மூன்று தடவை செய்து பார்த்தேன், கைத்தொலைபேசியிலும் பார்த்தேன், அதே விடைதான். பிறகு மறுபக்கமாகக் கணக்கிட்டேன். வாரத்துக்கு 30 மணித்தியாலமும் 15 நிமிடமும் வேலை செய்தால் ஆண்டுச் சம்பளம் 25,046 ஆகிறது. வாரத்தில் கால் மணித்தியாலம் போதாமையால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கும். கட்டிய கட்டணம் போயிருக்கும். கணவரின் விசா முடியும் திகதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கொப்பியின் முன்னால் அமர்ந்திருந்தபோது எனக்குக் கை நடுங்கியது என்று எழுதுவதில் வெட்கமில்லை.

ஆலோசகர் முன்னைய தாதிக்குச் சரியாகச் செய்து கொடுத்ததும் இதே கணக்கில் புரிகிறது. 2025 ஏப்ரல் 9-க்கு முன் அந்தக் குறைந்தபட்சத் தொகை 23,200 பவுணாக இருந்தது. 2024-25 அட்டவணையில் தாதியின் ஆரம்பச் சம்பளம் 29,970. அதில் 30 மணித்தியாலங்களுக்கு 23,976 வரும். ஆகவே அன்று 30 மணித்தியாலம் தாராளமாகப் போதியது. அடுத்த ஆண்டில் சம்பளமும் உயர்ந்தது, விசாவின் தொகையும் உயர்ந்தது; ஆனால் தொகை சம்பளத்தைவிட வேகமாக உயர்ந்துவிட்டது. ஒரு தடவை வெற்றி கண்ட வழியை மீண்டும் கணக்கிடாமலே அடுத்தவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவர்கள் விதி மாறிய திகதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையான எதிர்பார்ப்பு அல்ல.

மறுநாள் கொப்பியுடன் போனேன். ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார், அதற்கு நன்றி. ஆனால் குறையும் 161 பவுணை நிரப்ப அவர் சொன்ன இரண்டு வழிகளும் பிழையானவை. இரவு வேலைக்கும் ஞாயிறு வேலைக்கும் கிடைக்கும் மேலதிகக் கொடுப்பனவைச் சேர்த்துக் காட்டலாம் என்றார். ஓவர்டைம், இரவுநேரக் கொடுப்பனவு போன்றவை இந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை, உத்தரவாதமான அடிப்படைச் சம்பளமே பார்க்கப்படும். வேறோர் இடத்தில் சில மணித்தியாலங்கள் வேலை செய்து இரண்டு சம்பளத்தையும் கூட்டலாம் என்றார். விசாவுக்கு அனுசரணை வழங்கும் நிறுவனம், அதாவது வேலை தந்து விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம், கொடுக்கும் சம்பளம் மட்டுமே எண்ணப்படும்.

அன்று என் பக்கத்தில் நிலாவெளியிலிருந்து வந்த ஒரு தம்பி காத்திருந்தார். அவருக்கு வந்திருந்ததும் பகுதிநேர வேலைதான், ஆனால் சுகாதாரத் துறை அல்ல. அவரைப் போன்றவர்களுக்குப் பொதுவான குறைந்தபட்சத் தொகை 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண். உதாரணத்துக்கு, ஒரு தொழிலின் சம்பள அளவு முழுநேரத்துக்கு 48,000 பவுண் என்று வைத்துக்கொண்டால், 30 மணித்தியாலங்களுக்கு அது 38,400 ஆகக் குறையும். நிறுவனம் 39,000 கொடுத்தால் தொழிலுக்குரிய அளவு நிறைவேறிவிடும், ஆனால் 41,700 நிறைவேறாது, விசா கிடைக்காது. தொழிலுக்குப் புதியவர்களான இளையோருக்கும் வேறு சில பிரிவினருக்கும் 33,400 என்ற குறைந்த தொகை உண்டு என்பதையும் அவரிடம் சொன்னேன். தன் கடிதத்தை எடுத்து மணித்தியாலம் எங்கே எழுதியிருக்கிறது என்று அவர் தேடத் தொடங்கினார்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆட்களை எடுப்பதை 2025 ஜூலை 22-ஆம் திகதியுடன் பிரித்தானியா நிறுத்திவிட்டது. ஆனால் நான் கடைசியாகப் போன நாள்வரை அந்தக் கண்ணாடிக் கதவில் பராமரிப்பாளர் விசா பற்றிய பழைய விளம்பரம் ஒட்டியபடியே இருந்தது. நகையை அடகு வைத்துப் பணம் புரட்டும் குடும்பங்கள் ஏறிவரும் படி அது. உடனே கழற்றிவிடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன்.

மொழிபெயர்ப்பு, சான்றிதழ் ஒப்பீடு, படிவம் நிரப்புதல் ஆகியவற்றுக்கு இந்த நிலையத்துக்கு நான் ஐந்துக்கு நான்கு புள்ளி கொடுப்பேன். அவ்வகை வேலை வந்தால் மீண்டும் அங்கேயே போவேன். சம்பள ஆலோசனைக்கு ஒரு புள்ளிக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. பகுதிநேர வேலைக் கடிதத்துடன் போகிறவர்கள், “எனக்கு ஓர் ஆண்டில் உண்மையாகக் கொடுக்கப்படும் தொகை எவ்வளவு, அதை எந்தத் திகதிய விதியுடன் ஒப்பிட்டீர்கள்” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். சிக்கலான நிலைமை என்றால், பிரித்தானியாவில் சட்டத்தரணியாகவோ, அங்குள்ள குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவு செய்தவராகவோ இருக்கும் ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் பேசுவது, செலவானாலும், பாதுகாப்பானது.

ஆலோசனைக் கட்டணத்தில் பாதியான 7,500 ரூபாவை நிலையம் திருப்பித் தந்தது. முழுவதையும் தந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். தங்கை மருத்துவமனையின் மனிதவளப் பிரிவுக்குக் கணக்கை எழுதி அனுப்பினார். அவர்கள் அதே வாரத்தில் வேலை நேரத்தை 31 மணித்தியாலமாக்கிப் புதிய கடிதம் கொடுத்தார்கள். விசாவுக்காக மருத்துவமனை வழங்கிய அனுசரணைச் சான்றிதழில் ஆண்டுச் சம்பளம் 25,667 பவுண் என்று இருந்தது. விசா தை பிறப்பதற்கு முன்னரே வந்து சேர்ந்தது.