எடைமேடைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ராபிட்எம்க்யூ

மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் வட்டாரத்தில் இருக்கும் தனியார் நெல் அரவை ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். அவற்றில் ஓர் ஆலைக்கு ராபிட்எம்க்யூ என்ற மெசேஜ் புரோக்கரை, அதாவது நிரல்களுக்கு நடுவில் நின்று செய்திகளை வாங்கி உரியவரிடம் கொடுக்கும் மென்பொருளை, நிறுவி, குறுவை, சம்பா இரண்டு அறுவடைக் கொள்முதலையும் அதன் மேல் நடத்தியாகிவிட்டது. ரசீது அனுப்புவது, அறிக்கை தயாரிப்பது போன்ற பின்னணி வேலைகளுக்குத்தான் பலரும் இதை வைத்துக்கொள்கிறார்கள். நான் வைத்திருப்பது கேள்வி பதிலுக்கு. ஓர் ஊரில் ஓடும் நிரல் இன்னோர் ஊரில் ஓடும் நிரலை அழைத்து, விடை வரும்வரை காத்திருக்கிறது. இந்த வேலைக்கு இதைத் தாராளமாக நம்பலாம் என்பது என் முடிவு. ஆனால் சில அமைப்புகளைத் தொடக்கத்திலேயே சரியாக வைத்துவிட வேண்டும்.

ஆலையின் எடைமேடை வயல்களுக்கு நடுவே இருக்கிறது. நெல் ஏற்றிய டிராக்டர் மேடையில் ஏறியவுடன் கணக்குப்பிள்ளைக்கு இரண்டு விவரங்கள் வேண்டும்: அந்த ரகத்துக்கு அந்த நேரத்து விலை, அந்த விவசாயி பெயரில் இருக்கும் முன்பண பாக்கி. இரண்டும் கும்பகோணம் அலுவலகக் கணினியில் இருக்கின்றன. ஆடுதுறை 45க்கு ஒரு விலை, பொன்மணிக்கு வேறு விலை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கழிவு. இதெல்லாம் தெரிந்தால்தான் சீட்டு எழுத முடியும், சீட்டு எழுதினால்தான் மூட்டை இறங்கும். வெயிலில் வரிசை கட்டி நிற்பவர்களைக் கணினிக்காகக் காக்க வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

எடைமேடைக்கு இணையம் சிம் கார்டு வழியாக வருகிறது. அத்தகைய இணைப்புக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி இருக்காது. அலுவலகத்திலும் அதே நிலைதான். நேரடி அழைப்பு என்றால் யாராவது ஒருவர் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். புரோக்கர் இருந்தால் இருவருமே வெளியே சென்று அதனுடன் இணைந்துகொள்கிறார்கள். வாடகை சர்வர் ஒன்றில் அதை ஓட்டி, இவர்கள் இணைவதற்கு மறையாக்கம் செய்த 5671 துறையை (போர்ட்) மட்டும் திறந்திருக்கிறேன். அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது எடைமேடைக்குத் தெரியவே வேண்டாம். புரோக்கரில் கேள்விகள் போய்ச் சேரும் வரிசையின் (queue) பெயர் தெரிந்தால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை வாங்கலாம் என்று சொல்லியிருப்பேன், ஆனால் விலையே கிடையாது: மொசில்லா பொது உரிமம் 2.0இன் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிது. கேட்பவர் ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு குறிப்புகளை வைக்கிறார். பதிலை எங்கே அனுப்புவது என்பது ஒன்று. எந்தக் கேள்விக்கான பதில் என்று அடையாளம் காட்டும் எண் மற்றொன்று. முன்பு பதிலுக்கென்று ஒவ்வொருவரும் தனி வரிசை உருவாக்க வேண்டியிருந்தது. 2014இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து 'டைரக்ட் ரிப்ளை டூ' என்ற வசதி இருக்கிறது. வரிசை எதுவும் உருவாக்காமலே பதில் நேராகக் கேட்டவரின் இணைப்புக்கு வந்துவிடும். அதற்குள் கேட்டவரின் இணைப்பு அறுந்துவிட்டால் பதிலை எங்கும் சேமித்து வைக்காது, விட்டுவிடும். விலை கேட்கும் கேள்விக்கு இதுதான் பொருத்தம். பத்து நிமிடம் கழித்து வரும் பழைய விலை யாருக்கு வேண்டும்?

கேள்விக்கும் அதே நியாயம்தான். ஐப்பசி மழையில் அலுவலகத்து இணைப்பு போய்விட்டால், கேட்ட கேள்விகள் வரிசையில் தேங்கி நிற்கும். இணைப்பு திரும்பியதும் அலுவலக நிரல் எப்போதோ போய்விட்ட வண்டிகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இப்போது மேடையில் நிற்கும் வண்டி கடைசியில் காத்திருக்கும். ஆகவே வரிசையில் நிற்கும் கேள்விகளுக்குக் காலாவதி வைக்க வேண்டும். நான் வைத்திருப்பது 8000, அதாவது எட்டு விநாடி. அளவு மில்லி விநாடியில் எழுதப்படும். அது தாண்டிய கேள்வியை ராபிட்எம்க்யூ அலுவலகத்திடம் கொடுக்காது. கேட்டவருக்கும் சொல்லாது. எனவே எடைமேடை நிரலுக்கும் தனியாக ஒரு கடிகாரம் வேண்டும்.

அதோடு சேர்ந்த இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வேலை செய்யும் நிரல் எத்தனை செய்திகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதைக் குறிப்பிடாமல் விட்டால், செய்திகள் மொத்தமாக நிரலின் நினைவகத்துக்குள் போய்விடும். அப்படிப் போன செய்தியைக் காலாவதி தொடாது. அந்த வரம்பை ஒன்று என்று வைத்தால்தான் எட்டு விநாடிக்குப் பொருள் இருக்கும்.

"இணையம் போய்விட்டால் சீட்டு போட முடியாதா, தம்பி?" என்று ஆலை முதலாளி கேட்டார். முடியும். நேரம் கடந்துவிட்டால், கடைசியாகத் தெரிந்த விலையை அது வந்த நேரத்தோடு சிவப்பில் காட்டுமாறு எழுதியிருக்கிறேன். கணக்குப்பிள்ளை தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு எழுதுகிறார்.

விலை கேட்பதை எத்தனை முறை செய்தாலும் கேடில்லை. சீட்டைப் பதிவு செய்வது அப்படியல்ல. அலுவலக நிரல் பதிவு செய்து பதிலும் அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தரும் முன் மின்சாரம் போனால், அதே கோரிக்கை மறுபடியும் அதனிடம் வரும். ராபிட்எம்க்யூவின் சொந்தப் பயிற்சிப் பாடமே இதை மறைக்காமல் சொல்கிறது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. சீட்டு எண்ணை எடைமேடையிலேயே உருவாக்கி, அதே எண் இரண்டாவது முறை வந்தால் பழைய பதிலையே திருப்பித் தருமாறு செய்திருக்கிறேன். ஒரு விவசாயியின் நெல் கணக்கில் இரண்டு முறை ஏறக்கூடாது, ஒரு முறைகூட ஏறாமலும் போகக்கூடாது. சீட்டுகளுக்குக் காலாவதி கிடையாது. அவை வட்டில் தங்கும் தனி வரிசையில் போகின்றன.

15672 துறையில் வரும் நிர்வாகப் பக்கம் அருமையானது. எந்த வரிசையில் எத்தனை தேங்கியிருக்கிறது, யார் இணைந்திருக்கிறார் என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடுகிறேன்.

இரண்டு நிரல்களும் ஒரே கட்டடத்தில், ஒரே வலையமைப்பில் இருந்தால் இதை நான் நிறுவித் தர மாட்டேன். அங்கே நேரடி அழைப்பே வேகமானது. புரோக்கர் என்பது பராமரிக்க இன்னொரு சர்வர், அது நின்றால் இருபுறமும் நிற்கும். பழைய பதிப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பல சர்வர்களில் நகல் வைக்கும் பழைய மிரர் வரிசைகளை 2024இல் வெளியான 4.0 பதிப்பு நீக்கிவிட்டது. அவற்றை நம்பியிருந்தால், மேம்படுத்தும் முன், அவற்றுக்குப் பதிலாக வந்த 'கோரம்' (quorum) வரிசைகளுக்கு மாறிவிடுங்கள். அந்த வேலையை அறுவடை இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.