ஃபர்ம்வேர் வேலையை வெளியில் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

கோவையில் போர்வெல் மோட்டாருக்கு கன்ட்ரோலர் போர்டு செய்கிறேன். சிப் எஸ்டிஎம்32எஃப்103. ஃப்ரீஆர்டிஓஎஸ் (வேலைகளை 'டாஸ்க்' என்று பிரித்து மாற்றி மாற்றி ஓட்டும் சிறு இயங்குதளம்) வைத்து ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் புரோகிராம்) எழுத ஒருவரிடம் 60,000 ரூபாய் பேசி, முழுவதையும் முன்பணமாகவே கொடுத்தேன். என் மேஜையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டு ஹெக்ஸ் ஃபைலை (சிப்பில் ஏற்ற மட்டும் உதவும், படித்துத் திருத்த முடியாது) மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

தோட்டத்தில் மாட்டிய பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போர்டு அப்படியே நின்றுவிடும், மோட்டார் மட்டும் ஓடும். ஒரு விவசாயிக்குப் போரில் தண்ணீர் வற்றிய பிறகும் ஓடி, மோட்டார் காயில் கருகிப்போனது. "உங்களை நம்பித்தானுங்க மாட்டினேன்" என்றார். காயில் கட்டும் செலவை நான்தான் கொடுத்தேன். எழுதியவரைக் கேட்டால், "கரண்ட் நாய்ஸ் சார், ஃபில்டர் போடுங்க." சோர்ஸ் கோடு (அவர் எழுதிய மூல நிரல்) வேண்டுமென்றால் இன்னும் 25,000. வேறு வழியில்லாமல் அதையும் கட்டினேன்.

திறந்து பார்த்தால் வயிறு எரிகிறது. ஜிஎஸ்எம் மோடமின் (மொபைல் நெட்வொர்க்கில் பேசும் பாகம்) யுஆர்ட் என்ற சீரியல் இணைப்புக்கான இன்டரப்டுக்குள், அதாவது நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் கோடுக்குள், சாதாரண க்யூ சென்ட் (டாஸ்க்குக்குத் தகவல் அனுப்பும் ஃபங்ஷன்). அங்கே 'ஃப்ரம்ஐஎஸ்ஆர்' என்று முடியும் ஃபங்ஷனைத்தான் கூப்பிட வேண்டும். போதாததற்கு அந்த இன்டரப்டின் பிரையாரிட்டி 0. இந்தச் சிப்புக்குள் இருக்கும் கார்டெக்ஸ்-எம்3 பிராசசரில் எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். கர்னல் (ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மையப்பகுதி) தன் டாஸ்க் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கும்போதும் 0 வைத்த இன்டரப்ட் உள்ளே புகுந்துவிடும். பட்டியல் சிதைந்தால் அப்புறம் எந்த டாஸ்க்கும் நகராது. அந்த மோதல் எப்போதாவதுதான் நடக்கும், பத்து நிமிட டெமோவில் தெரியாது. கான்ஃபிக் ஃபைலில் அசர்ட் (தவறு நடந்த இடத்திலேயே நிறுத்தும் சோதனை) வைத்திருந்தால் முதல் தடவையே அந்த இடத்தில் நின்று காட்டியிருக்கும். அந்த வரியே இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ (டாஸ்க் தனக்கு ஒதுக்கிய மெமரியைத் தாண்டுவது) சோதனையும் 0, அதாவது ஆஃப்.

என்னால் மன்னிக்கவே முடியாதது வாட்ச்டாக். குறித்த நேரத்துக்குள் ரீஃப்ரெஷ் செய்யாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர் அது. அதை ரீஃப்ரெஷ் செய்வது ஒரு டைமர் இன்டரப்டுக்குள். டாஸ்க் எல்லாம் செத்துக் கிடந்தாலும் டைமர் அடித்துக்கொண்டே இருக்கும், ரீசெட் வரவே வராது. ஒழுங்காக எழுதியிருந்தால் ஓரிரு விநாடியில் ரீசெட் ஆகி ரிலே விட்டு மோட்டார் நின்றிருக்கும், அந்தக் காயில் பிழைத்திருக்கும்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். சோர்ஸ் உங்களுக்குச் சொந்தம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள், உங்கள் கம்ப்யூட்டரில் பில்டு செய்து (சோர்ஸிலிருந்து ஹெக்ஸ் ஃபைலை உருவாக்கி) காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு டாஸ்க்கில் முடிவில்லாத லூப் ஒன்றைப் போடச் சொல்லிப் பாருங்கள். போர்டு தானாக ரீசெட் ஆகவில்லை என்றால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.