ஏழு மாதக் கணக்கை ஏஜென்ட் சொல்ல மாட்டார்

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டியை ஃப்ராங்ஃபர்ட்டுக்குக் கூட்டிப்போக, சென்னையில் ஒரு ஏஜென்ட்டிடம் 85,000 ரூபாய் கட்டினேன். குட்டிக்கு அப்போது மூன்று மாதம். "சிப், ஊசி, பேப்பர் எல்லாம் நம்ம பொறுப்பு சார், மூணே வாரம்" என்றார். லீவு முடிகிற அவசரத்தில் தலையாட்டிவிட்டேன். ரசீதுகூடக் கேட்கவில்லை.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது சான்றிதழுக்காக குவாரன்டைன் ஆபீஸுக்குப் போனோம். ஃபைலைப் புரட்டிய டாக்டரம்மா, "ரேபிஸ் ஊசி 9ஆம் தேதி, சிப் 14ஆம் தேதியா? சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி செல்லாதே. டைட்டர் ரிப்போர்ட் எங்கே?" என்றார். டைட்டர் என்ற வார்த்தையையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாய் போக வேண்டுமானால் முதலில் தோலுக்கடியில் 15 இலக்க அடையாள மைக்ரோசிப். பிறகுதான் ரேபிஸ் ஊசி, அதுவும் குட்டிக்கு 12 வாரம் நிறைந்தபின். ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த லேபுக்கு அனுப்ப வேண்டும். இதுதான் அந்த டைட்டர் டெஸ்ட். ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ.வுக்கு (சர்வதேச அலகு) குறையக் கூடாது. ரிப்போர்ட் வந்தாலும் உடனே பறக்க முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரேபிஸ் தொற்றினாலும் அறிகுறி தெரிய மாதக்கணக்கில் ஆகலாம், அதற்காக. கூட்டிப் பாருங்கள், ஏழு மாதத்தை நெருங்காத குட்டி விமானம் ஏற வழியே இல்லை. நம்மவர் இதைத்தான் மூன்று வாரம் என்று விற்றார்.

அங்கிருந்தே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "ஏத்திவிடுங்க சார், அங்கே யாரும் பார்க்க மாட்டாங்க." பார்த்தால்? திருப்பி அனுப்புவார்கள், அல்லது நம் செலவில் அடைத்து வைப்பார்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் கருணைக்கொலைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அதைப் படித்ததும் என் மனைவி டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொல்லிவிட்டாள்.

"சர்வீஸ் சார்ஜ்" போக 12,000 திரும்பி வந்தது. அதற்குப்பின் போனை எடுப்பதில்லை. கையில் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்.

குட்டி இப்போது கோவில்பட்டியில் அம்மாவிடம். மறுபடி ஊசி போட்டு, போன வாரம்தான் ரத்தம் எடுத்தோம். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நேற்று ஒரு லேப்ரடார் குட்டி, கூண்டுக்குள், 'நெக்ஸ்ட் ஸ்டாப் பாரிஸ்' என்று. இரண்டு மாதம்கூட இருக்காது அதற்கு.